எட்டு மணி ஐந்துக்கு விடியும் ஊர்

அத்தியாயம் 6

திங்கட்கிழமை காலை எட்டு ஐம்பத்திரண்டு. சிவகாசியில் பீர் முகைதீன் வீட்டு வாசலில், கதவைத் தட்டாமல் நின்றுகொண்டிருந்தேன்.

"சார், உள்ளதான் இருக்காக. தட்டுங்க," என்றாள் பர்வீன்.

"ஒன்பது மணி ஆகட்டும்."

"எதுக்கு?"

"ராகு காலம்."

பர்வீன் மொபெட்டுக்கு ஸ்டாண்டு போட்டு அதன்மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டாள். "நாளைக்குப் பதினோரு மணிக்கு ஒரு மனுசன் செயிலுக்குப் போறதுக்குக் கையெழுத்துப் போடப் போறாக. நம்ம துப்பறிவாளரு ராகுவுக்கு வழிவிட்டு நிக்கிறாக. நல்லா இருக்கு சார். அவுக உள்ள போனதும் நல்ல நேரம் பாத்து மனுப் போட்டுப் பாத்துட்டு வருவோம்."

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். அவளுக்குப் பதில் சொல்லி நான் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

என் பெயர் பலவேசம். இந்தப் பெயருக்குப் பொருத்தமான தொழில் என்று யாரோ சொல்லப்போய், விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் குடோனின் மாடியில் துப்பறியும் நிலையம் திறந்து பதினெட்டு வருடம் ஆகிறது. என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கண் கலங்கியே வருவார்கள். பாவம், எவ்வளவு கஷ்டமோ என்று பீஸைக் குறைத்துக்கொண்டே வந்தேன். அது கீழே இருக்கும் வத்தலின் நெடி என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. வரும்படி முக்கால்வாசி கல்யாண விசாரணையில்தான். பையன் குடிப்பானா, பெண் வீட்டில் வசதி எப்படி என்று விசாரித்து ஒரு பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பேன். பர்வீன் என்னிடம் சேர்ந்து மூன்று வருடம். கமிஷன் மண்டிக்காரர் மகள், பி.காம்., முப்பத்திரண்டு வயது. மூளை அவளுடையது, வாசலில் தொங்கும் போர்டு என்னுடையது.

இந்தக் கேஸ் எங்கள் தகுதிக்கு மீறியது. பீர் முகைதீன், 'எட்டுக்கிளி பட்டாசு' முதலாளி மணிகண்டராஜிடம் இருபத்துமூன்று வருடமாகக் கணக்கப்பிள்ளை. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஜூரிச்சில் இருக்கும் ஒரு பேங்க்கின் ரகசியப் பட்டியல் எப்படியோ கசிந்து வருமான வரி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. பேங்க்கின் பெயரைச் சொன்னால் என்மேல் வழக்குப் போடுவார்கள். என்னிடம் பறிமுதல் செய்ய மொபெட்கூட இல்லை, அதுவும் பர்வீனுடையது. எனவே 'அந்த பேங்க்' என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பட்டியலில் எட்டரைக் கோடி ரூபாய்க் கணக்கு ஒன்று, பீர் முகைதீன் பெயரில், அவர் கையெழுத்தோடு.

முதலாளி நீட்டிய தாளில், விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டதைத் தவிர பாய் ஒரு பாவமும் அறியாதவர். ஆனால் மணிகண்டராஜ், "தம்பி மாதிரி நெனச்சேன், என் கம்பெனிப் பணத்த இப்பிடித் திருடிச் சேத்துட்டாரே," என்று சொல்லிவிட்டார். அந்த பேங்க், வாடிக்கையாளர் ரகசியம் என்று வாயை மூடிக்கொண்டது. பாய் அதற்கும் மேலே போனார். 'கையெழுத்து என்னுடையது. முதலாளிக்கு எதுவும் தெரியாது. முதலாளி மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை' என்று போன வாரம் வாக்குமூலம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதை டைப் அடித்து வைத்திருக்கிறார்கள். நாளைக்குக் கையெழுத்துப் போட்டால் கேஸ் கோர்ட்டுக்குப் போகும், அவர் மட்டும் உள்ளே போவார்.

ஒன்பது ஒன்றுக்குக் கதவைத் தட்டினேன்.

"வாங்கண்ணே, வா பர்வீனு," என்றார் பாயின் மனைவி கைருன்னிசா. எங்களை அமர்த்தியது அவர்தான், பாய்க்கு இதில் இஷ்டமே இல்லை. "காலைல சாப்பிட்டீகளா? டீ மட்டுமாவது குடிங்க."

பாய் நாற்காலியில் உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது, சலவை செய்த சட்டை, பாக்கெட்டில் பேனா.

"பாய், ஒரே ஒரு தடவ யோசிச்சுப் பாருங்க," என்று ஆரம்பித்தேன்.

"அவுக சோத்தத் தின்னுருக்கேன் அண்ணாச்சி. இருவத்திமூணு வருசம். வேற எதுவும் கேக்காதீக."

"நீங்க தின்னது சம்பளச் சோறு," என்று உள்ளேயிருந்து கைருன்னிசா சொன்னார். "அவுக ஒண்ணும் சும்மா போடல."

டீ கிளாஸோடு சமையலறைப் பக்கம் திரும்பியபோதுதான் சுவரில் இருந்த தினசரி காலண்டரைப் பார்த்தேன். அட்டையில் பனிமலைப் படம், கீழே எட்டுக்கிளி பட்டாசு என்று பெரிய எழுத்து. தாளின் ஓரமெல்லாம் பென்சிலில் பால் கணக்கு. தேதி சரி, கிழமை சரி. ராகு காலம் என்ற இடத்தில் 9.13 – 10.20 என்று இருந்தது.

என் கைக்கடிகாரத்தில் ஒன்பது பதினான்கு.

நான் உண்மையிலேயே பயந்துவிட்டேன். நாற்பது வருடமாகத் திங்கட்கிழமை ஏழரை – ஒன்பது என்று நம்பி வாழ்கிறவன். வாசலில் ஒன்பது நிமிடம் காத்திருந்து, கரெக்டாக ராகு காலத்துக்குள் வந்து மாட்டிக்கொண்டேனா?

"பர்வீன், இங்க பாரு. இது சாதாரண காலண்டர் இல்ல. ரகசியக் குறியீடு. ஒன்பது, பதிமூணு, பத்து, இருபது. கணக்கு நம்பரா இருக்கும். இல்லன்னா லாக்கர் நம்பர்." இந்தக் கோணத்தில் நான் ஐந்து நிமிடம் பேசினேன். கைருன்னிசா முதல் இரண்டு நிமிடம் மரியாதைக்குக் கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

பர்வீன் தாளை அருகில் போய்ப் படித்தாள். "சார், சூரிய உதயம் எட்டு மணி அஞ்சுன்னு போட்டிருக்கு. நம்ம ஊர்ல எட்டு மணி அஞ்சுக்குப் பட்டாசு கம்பெனி வேனே ஆளெறக்கிட்டுத் திரும்பிரும். அம்புட்டு நேரமாவா சூரியன் தூங்கும்?"

"அச்சுப் பிழையா இருக்கும்."

"வருசம் பூராவுமா?" அவள் தாள்களைக் கொத்தாகத் தூக்கி ஜூன் மாதத்துக்குப் போனாள். "ஜூன் பதினஞ்சு, இதுவும் திங்கக்கெழம. ராகு காலம் 7.28 – 9.27. ஜனவரில ஒரு மணி நேரம், ஜூன்ல ரெண்டு மணி நேரம். ராகுவுக்கு ஓவர்டைம் குடுக்குற கம்பெனி எது சார்?"

இங்கேதான், பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக, என் மூடநம்பிக்கை சோறு போட்டது. ராகு காலம் எப்படி வருகிறது என்பது எனக்கு மனப்பாடம். "பகல எட்டுப் பங்கா வச்சா அதுல ஒரு பங்கு ராகு காலம். நமக்குப் பகல் சுமாரா பன்னெண்டு மணி நேரம், அதனால ஒண்ணரை மணி."

"அப்ப இங்க ஒரு பங்கு ஒரு மணி ஏழு நிமிசம்." பர்வீன் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். எட்டால் பெருக்க அவளுக்கு ஒரு மூச்சு போதும். "பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்ல. ஜூன்ல பதினாறு மணி நேரம். இது பனி கொட்டுற ஊரு சார். வரி நோட்டீஸ்ல இருக்குற பேங்க் எந்த ஊரு?"

"ஜூரிச்."

"அந்த ஊர் சூரியனுக்கு எட்டுக்கிளிக்காரரு எதுக்குக் காலண்டர் அடிக்கணும்?"

இருவரும் பாயைப் பார்த்தோம். அவர் முகத்தில் குழப்பம்தான் இருந்தது. இந்த வீட்டில் பிறை பார்ப்பார்கள், தேதி பார்ப்பார்கள், பால் கணக்கு எழுதுவார்கள். ராகு காலத்தை யாரும் படித்ததே இல்லை. படிக்கிற வீடாக இருந்தால் ஜனவரி ஒன்றாம் தேதியே தெருவுக்கெல்லாம் தெரிந்திருக்கும்.

"அது தப்பா அடிச்சதுன்னு முதலாளி சொன்னாக," என்றார் பாய் மெதுவாக. "அம்பதுல பன்னெண்ட மட்டும் எடுத்துட்டு மிச்சத்தக் கிழிக்கச் சொன்னாக. நல்ல தாளு. கிழிக்க மனசு வரல. ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டு வந்தேன்." பிறகு, முதலாளிக்கு எதிராக ஏதோ சொல்லிவிட்டவரைப் போலப் பதறினார். "பெத்தணன் வேல பாக்குற அச்சாபீஸ்ல அடிச்சது. இம்புட்டுதான் தெரியும்."

* * *

அச்சகத்துக்குள் நான் மாறுவேடத்தில் நுழைந்தேன். நெற்றியில் சந்தனம், கழுத்தில் தங்க முலாம் சங்கிலி, கையில் லெதர் பை. சென்னை நகைக்கடை முதலாளி, ஐயாயிரம் காலண்டர் ஆர்டர்.

ஃபோர்மன் பெத்தணன் மெஷின் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்தார். "வாங்க பலவேசம் அண்ணாச்சி. விசிட்டிங் கார்டு அதுக்குள்ள தீந்துருச்சா?"

மறந்தே போய்விட்டது. என் கார்டை அடித்ததே இவர்கள்தான். பூதக்கண்ணாடிப் படத்தைப் பெரிதாகப் போடு பெரிதாகப் போடு என்று நான் நச்சரித்து, கடைசியில் ஃபோன் நம்பருக்கு இடமில்லாமல் போன கார்டு.

"சங்கிலிய கழட்டிருங்க சார், மெஷின்ல மாட்டிக்கிரும்," என்றாள் பர்வீன்.

காலண்டர் தாளை நீட்டினேன். பெத்தணன் அதைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டார். "இது எப்பிடி வெளிய வந்துச்சு? இதுக்கு மதுரைல ஒரு ஜோசியர வச்சு முன்னூத்தி அறுவத்தஞ்சு நாளும் கணக்குப் போட்டு வாங்குனாக. பன்னெண்டு காலண்டர் கேட்டாக, அதுக்கு மெஷின் ஓட்ட முடியாதுன்னு அம்பது அடிச்சோம். இப்பிடி ஒரு ஆர்டர என் சர்வீஸ்ல பாத்ததில்ல."

"ஆர்டர் குடுத்தது யாரு?"

அவர் ஃபைலை எடுத்து ஆர்டர் படிவத்தைக் காட்டினார். கீழே அழகான, நிதானமான கையெழுத்து. பீர் முகைதீன்.

வாடிக்கையாளரைக் காப்பாற்றக் கிளம்பி, அவருக்கு எதிராக இன்னொரு கையெழுத்தைக் கண்டுபிடித்த ஒரே துப்பறிவாளன் நானாகத்தான் இருப்பேன்.

பர்வீன் ஃபைலை விடவில்லை. "ஆர்டர் படிவம் கணக்கப்பிள்ளதான் போடுவாக. ப்ரூஃப் யாரு பாத்தா?"

பெத்தணன் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். சிவகாசியில் ப்ரூஃப் தாளில் வாடிக்கையாளர் 'ஓ.கே.' எழுதிக் கையெழுத்துப் போடாமல் மெஷின் ஓடாது. பின்னால் பிழை என்று சண்டைக்கு வந்தால் காட்டுவதற்காக, அடுத்த சீசன் வரைக்கும் ப்ரூஃபைக் கட்டி வைத்திருப்பார்கள்.

"பீர் பாய நாளைக்கு உள்ள வச்சிருவாகளா?" என்று கேட்டார்.

"நாளைக்குக் கையெழுத்துப் போட்டா, கோர்ட்டு, அப்புறம் உள்ளதான்."

"என் மக கல்யாணத்துக்கு லீவு போட்டு வந்து பந்தி விசாரிச்ச மனுசன்." பெத்தணன் ஒரு ப்ரூஃப் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். "முதலாளிமாரு ப்ரூஃப நான் வெளியாளுக்குக் காட்டக் கூடாது. டீ குடிச்சுட்டு வாரேன். திரும்பி வர எப்பிடியும் கால் மணி நேரம் ஆகும்."

கட்டைப் பிரித்தோம். மணிகண்டராஜ் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாத மனிதர். செக், ரசீது, கடிதம் எல்லாம் பாய்தான். ஆனால் ஒரு நிமிடம் பிசகினாலும் ராகு பணத்தில் கைவைத்துவிடுவான் என்கிற விஷயத்தை மட்டும் அவர் யாரையும் நம்பி ஒப்படைக்கவில்லை. முதல் ப்ரூஃபில், பச்சை மையில், பக்கத்துக்குப் பக்கம் திருத்தம். ஒவ்வொன்றின் கீழும் முழுக் கையெழுத்து. முதல் பக்கத்தின் ஓரத்தில் அச்சகத்துக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தார்.

'ஜூரிச் பேங்க்குக்குப் பத்து, எனக்கு ரெண்டு. ராகு காலத்துக்குக் கீழே சிகப்பில், இங்கிலீஷில் போடவும்: இந்த நேரத்தில் என் கணக்கில் யாரும் கை வைக்கக் கூடாது.'

இரண்டாவது ப்ரூஃபில் அந்த வரியை அவரே அடித்திருந்தார். பக்கத்தில், 'பேங்க்காரர் வேண்டாம் என்கிறார்' என்று காரணமும் எழுதியிருந்தார்.

"'என் கணக்கில்'," என்று பர்வீன் இரண்டு தடவை படித்தாள். "சார், எட்டரைக் கோடிய ஒளிக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு ஒரு வரிய ஒளிக்கத் தெரியலயே."

நான் அப்போது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்க்கையில் ஒரு கேஸ் இவ்வளவு சுத்தமாக முடிந்ததே இல்லை.

* * *

பிற்பகல் இரண்டரைக்கு விருதுநகர் வருமான வரி அலுவலகத்தில், விசாரணை அதிகாரி சுந்தரபாண்டி, நாங்கள் லெதர் பையில் கொண்டுபோன ப்ரூஃபைப் பார்த்துவிட்டு முதல்முறையாக எனக்கு நாற்காலி காட்டினார். முதலாளியையும் அந்த பேங்க்கையும் சேர்த்துக் கட்டுகிற ஒரு துண்டுக் காகிதம் கொண்டு வாங்க என்று போன வாரம் சொன்னவர் அவர்.

"மணிகண்டராஜ் இனி தப்ப முடியாது. நல்ல வேலை செஞ்சிருக்கீங்க, பலவேசம்."

நல்ல வேலை என்ற சொல்லை நான் அடிக்கடி கேட்பவன் அல்லன். தலைக்கு ஏறிவிட்டது.

"அவர் மட்டும் போதாது சார்," என்று ஆரம்பித்தேன். "பணக்காரன் வரி ஏய்ச்சா அபராதம் கட்டிட்டு அடுத்த தீபாவளிக்கு ஆயிரம்வாலா வெடிப்பான். பேங்க்க விட்டா வேற ஒரு பாயத் தேடிப் பிடிப்பான். காலண்டர வாங்கிச் சுவத்துல மாட்டி, அதப் பாத்துப் பணத்த நகத்திருக்கான் சார் அந்த பேங்க்காரன். அவனையும் கூண்டுல ஏத்தணும். இதுக்கு உடந்தையா இருந்தவன், துணை போனவன், காசு வாங்குனவன் ஒருத்தனையும் விடக் கூடாது."

"ஒருத்தனையும்?" என்றார் சுந்தரபாண்டி.

"ஒருத்தனையும்." மேசையைத் தட்டவும் செய்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் ஆசைதான். ஆனா பேங்க் வெள்ளிக்கிழமை ஒரு பேப்பர் அனுப்பியிருக்கு. 'பீர் முகைதீன் பெரிய வசதிக்காரர், கணக்கு அவருடையதுதான் என்று நாங்கள் நம்பினோம். உள்ளூரில் முறைப்படி விசாரித்துத்தான் திறந்தோம்.' இது நின்னா பேங்க் வெளிய போயிரும். மணிகண்டராஜும் பாயும் கூட்டாளிகன்னு ஆயிரும். பாய் தப்ப முடியாது." ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். "விசாரிச்ச ஆளு உள்ளூர்க்காரர். உங்களுக்குத் தெரியுமான்னு பாருங்க."

தாளின் தலையில் ஒரு பூதக்கண்ணாடிப் படம் இருந்தது. மிகப் பெரிய பூதக்கண்ணாடி.

'பலவேசம் துப்பறியும் நிலையம், விருதுநகர். 14.6.2004. திரு. பீர் முகைதீன் மிகவும் வசதியான குடும்பம். சொந்த வீடுகள், நல்ல வருமானம், தொழிலில் பங்கு உள்ளவர் போல் தெரிகிறது. குணம் தங்கம்.' கீழே என் கையெழுத்து.

பர்வீன் என் தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள்.

எனக்கு மெதுவாக ஞாபகம் வந்தது. டை கட்டிய ஒரு ஆள் கண் கலங்க மாடி ஏறி வந்தார். பீர் முகைதீனைப் பற்றி விசாரிக்க வேண்டும், விசாரிக்க வேண்டிய கேள்விகள் இதோ என்று ஒரு தாளையும், ஒரு கார்டையும், ஐயாயிரம் ரூபாயையும் கொடுத்தார். கார்டில் ஏதோ பேங்க் பெயர் இருந்தது. மாப்பிள்ளைக்கு பேங்க்கில் வேலை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். சிவகாசி வரை போகக்கூட இல்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து, சிவகாசி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவரிடம் பாயின் குணத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, கல்யாணம் நல்லபடியாக முடியட்டுமே என்று வசதியைக் கொஞ்சம் கூட்டி எழுதினேன். எல்லாக் கல்யாணத்துக்கும் அப்படித்தான் எழுதுவேன்.

"கல்யாண விசாரணைன்னு நெனச்சேன் சார்," என்றேன்.

"கைருன்னிசா லாத்தா மக சுமைராவுக்கு அப்ப பதினோரு வயசு," என்றாள் பர்வீன், தரையைப் பார்த்துக்கொண்டே.

காலையில் கைருன்னிசா கொடுத்த டீ ஞாபகம் வந்து எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வீட்டைக் காப்பாற்றப் போனவன், அந்த வீட்டுக்கு ஐந்து வருடம் முன்னாலேயே குழி வெட்டியவன். அதுவும் அன்போடு வெட்டியவன்.

ஆனால் இன்னொன்றும் ஞாபகம் வந்தது, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. டை கட்டியவர் கொடுத்த கேள்வித் தாளில் நாலாவது கேள்வி. அது எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் இந்த ரிப்போர்ட் பொய் என்று நானே எழுதித் தர வேண்டும். அதற்கப்புறம் விருதுநகர் ஜில்லாவில் எவனும் என்னை நம்பித் தன் பெண்ணைப் பற்றி விசாரிக்கச் சொல்ல மாட்டான். சொல்லாமல் எழுந்து போய்விடலாம். முதலாளி மாட்டிக்கொண்டார், கேஸ் பாதி ஜெயம் என்று கைருன்னிசாவிடம் சொல்லலாம். சத்தியமாக ஒரு நிமிடம் அப்படித்தான் யோசித்தேன்.

பர்வீன் என்னைப் பார்த்தாள். கிண்டலே இல்லாத பார்வை. மூன்று வருடத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"சார், 2004 பேப்பரெல்லாம் கீழ குடோன்ல, நாலாவது கட்டு," என்றாள். "நான்தான் கட்டி வச்சேன். என்ன இருந்துச்சுன்னு படிக்கல."

"போய் எடுத்துட்டு வா," என்றேன்.

இருபத்தைந்து நிமிடத்தில் தும்மிக்கொண்டே வந்தாள். தாளில் வத்தல் வாசனை. டை கட்டியவரின் கார்டு இன்னும் மூலையில் பின் அடித்தபடி இருந்தது. டைப் அடித்த ஆறு கேள்விகள், பக்கத்தில் என் கிறுக்கல் எழுத்தில் பதில்கள். சுந்தரபாண்டி நாலாவதைச் சத்தமாகப் படித்தார்.

"'கையெழுத்திடும் முன் படித்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவரா?' உங்க பதில், 'இல்லை. முதலாளி சொன்னால் போடுவார். குணம் தங்கம்.'" அவர் நிமிர்ந்தார். "இந்தக் கேள்விய எந்தச் சம்பந்தி கேப்பாங்க?"

"கேக்க மாட்டாங்க சார்."

"அப்ப பேங்க்குக்கு ஆரம்பத்துலயே தெரியும். பணக்காரனத் தேடல. படிக்காமக் கையெழுத்துப் போடுற ஆளத்தான் தேடியிருக்காங்க." அவர் குரலில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. "இது போதும். பேங்க்கோட இந்திய ஆளு மேலயும் கேஸ் போடலாம். ஆனா இத நீங்க பிரமாணப் பத்திரமாத் தரணும். ரிப்போர்ட் விசாரிக்காம எழுதுன பொய்ன்னு."

"தர்றேன்."

"அந்த ஐயாயிரத்துக்கு ரசீது?"

நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"வருமானத்துல காட்டுனீங்களா?"

"சார்," என்றாள் பர்வீன் அவரிடம், "இவுக வருமானம் காட்டுறதே இல்ல. எங்ககிட்டயே காட்டுறதில்ல."

"ஒருத்தனையும் விடக் கூடாதுன்னு யாரோ மேசையைத் தட்டுனாங்க," என்று சொல்லி, சுந்தரபாண்டி இன்னொரு படிவத்தை எடுத்தார். வரியும் வட்டியும் அபராதமும் சேர்த்து எவ்வளவு என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. எட்டரைக் கோடி அளவுக்கு இல்லை. எனக்கு அது எட்டரைக் கோடி.

* * *

செவ்வாய்க்கிழமை காலை கைருன்னிசாவிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். அலுவலக வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"சொந்த வீடுகள்னு எழுதுனீகளாக்கும்," என்றார் கடைசியில். "எத்தன வீடுண்ணே எங்களுக்கு?"

"எண்ணிக்கை போடல."

"போட்டிருக்கலாம். வாடகையாவது வாங்கியிருப்பேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதைவிட நாலு அடி அடித்திருக்கலாம்.

பதினோரு மணிக்குப் பாயை உட்காரவைத்து, சுந்தரபாண்டி ப்ரூஃபையும் கேள்வித் தாளையும் அவர் முன்னால் வைத்தார். மூலையில், பாய்க்கு ஆஜராக மணிகண்டராஜ் அனுப்பிய வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். பாய் பச்சை மைக் குறிப்பைப் பார்த்தார். பிறகு நாலாவது கேள்வியை விரல் வைத்துப் படித்தார். என் பதிலையும் படித்தார். என்னைப் பார்க்கவில்லை.

"இது போன வாரம் நீங்க சொன்ன வாக்குமூலம்," என்று சுந்தரபாண்டி நாலு பக்கங்களை நீட்டினார். "இப்படியே இருக்கட்டும்னா கையெழுத்துப் போடுங்க. மாத்தணும்னா மாத்துங்க. உங்க இஷ்டம்."

"கீழ, வலது பக்கம்," என்று வக்கீல் எட்டி விரலால் காட்டினார்.

பாயின் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போய்ப் பேனாவை எடுத்தது. மூடியைக் கழற்றி, விரல் காட்டிய இடத்துக்குக் கொண்டுபோனார். இருபத்துமூன்று வருடப் பழக்கம். கைருன்னிசா கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டிருப்பேன், பர்வீன் என் முழங்கையைப் பிடித்திருந்ததால் முடியவில்லை.

பேனா தாளைத் தொடவில்லை.

"கைருன்னிசா," என்றார் பாய். "என் கண்ணாடியக் கொண்டாந்தியா?"

அவர் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தார். பாய் அதை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. வக்கீல் இரண்டு தடவை இருமினார், ஒருமுறை எழுந்து நின்றார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

நாலாவது பக்கத்தின் கீழே வந்ததும் பாய் தாளை அதிகாரியின் பக்கம் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தார். 'முதலாளி மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.'

"இந்த வரிய அடிச்சிருங்க சார்," என்றார். "குறை இருக்கு."